காருக்கு அடியில ஆயில் சொட்டுதா? பேக்கிங் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சத்தியவேட்டில் மாமா வீட்டு வாசலில் காரை நிறுத்துகிறீர்கள். திங்கள் காலை ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குக் கிளம்ப வண்டியை எடுத்தால், கோலத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. "பழைய வண்டின்னா கொஞ்சம் ஒழுகத்தான்ப்பா செய்யும்" என்கிறார் மாமா. வழியில் காட்டிய மெக்கானிக், குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சம்ப் பேக்கிங் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார்.

இரண்டு பேர் சொன்னதும் தப்பாக இருக்கலாம். கசிவைச் சும்மா விட்டால் இன்ஜினே போகலாம். எங்கிருந்து கசிகிறது என்று தெரியாமல் பேக்கிங்கை மாற்றினால் பணம் போகும், கசிவு அப்படியே இருக்கும்.

ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் (2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம்) தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது சத்தியவேடு. பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி. இசுசு, ஆல்ஸ்டோம் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் இருக்கும் தொழில் நகரம். கவரைப்பேட்டை வழியாகவோ, ஊத்துக்கோட்டை வழியாகவோ, தடா வரை தேசிய நெடுஞ்சாலை 16 வழியாகவோ தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. இந்த ஓட்டத்துக்காகவே முதல் சம்பளத்தில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர் நீங்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

'பழைய வண்டின்னா ஒழுகும்' என்பது உண்மையா?

மாமா சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் தலைமுறை பார்த்து வளர்ந்தது அம்பாசடர். அந்தக் காரில் பல பத்தாண்டுகள் ஓடியது 1,489 சிசி கொண்ட பிஎம்சி 'பி' சீரிஸ் இன்ஜின். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் இன்றைக்கு இருப்பதுபோல ரப்பர் சீல் அதில் கிடையாது. ஷாஃப்ட்டில் வெட்டிய திருகு மாதிரியான பள்ளம், சுற்றும்போது ஆயிலை உள்ளே தள்ளிவிடும். இன்ஜின் நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். அதனால் நிறுத்திய இடத்தில் நாலு சொட்டு விழுவது அந்த இன்ஜினுக்குப் பிறவிக் குணம்.

உங்களிடம் இருக்கும் பத்து, பதினைந்து வருஷத்து மாருதி, ஹூண்டாய், ஹோண்டா எதுவும் அப்படி வடிவமைக்கப்பட்டது இல்லை. அவற்றில் ஷாஃப்ட் வெளியே வரும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் சீல் உண்டு. இரண்டு உலோகப் பாகங்கள் சேரும் இடங்களில் பேக்கிங்கோ சிலிகான் பசையோ உண்டு. சொட்டு விழுகிறது என்றால் அவற்றில் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ஏன் கெடுகிறது? முக்கியக் காரணம் சூடு. ஓடும் இன்ஜினில் ஆயில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தினமும் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, வருஷக்கணக்கில் ரப்பர் தன் மென்மையை இழந்து பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். இறுகிய ரப்பர் உலோகத்தோடு ஒட்டி நிற்காது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்ட வண்டியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

முதல் கேள்வி: அது இன்ஜின் ஆயில்தானா?

இன்றைக்கு ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வையுங்கள். எந்தப் பக்கம் முன் சக்கரம் என்று அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் நிறத்தையும் இடத்தையும் பாருங்கள்.

• பழுப்பு அல்லது கறுப்பு, விரலில் வழுக்கும்: இன்ஜின் ஆயில்.
• தண்ணீர் மாதிரி, நிறமோ வாசனையோ இல்லை: ஏசியில் இருந்து வரும் நீர். கவலை வேண்டாம்.
• பச்சை, ரோஸ் அல்லது ஆரஞ்சு நிறம், லேசான இனிப்பு வாசனை: கூலன்ட். இன்ஜின் சூடாகும் முன் கவனிக்க வேண்டும்.
• கெட்டியாக, கந்தக நெடியோடு: கியர் ஆயில்.
• சிவப்பு: பவர் ஸ்டீயரிங் ஆயில் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்.
• வெளிர் மஞ்சள், நீர்த்தது, சக்கரத்துக்குப் பக்கத்தில்: பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படி என்றால் வண்டியை எடுக்கவே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது கேள்வி: இன்றைக்கு ஓட்டலாமா?

இதற்குப் பதில் தரையில் இல்லை, டிப் ஸ்டிக்கில் இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிஷம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் மெக்கானிக் வரை ஓட்டிப் போகலாம். கீழ்க்குறிக்குக் கீழே போயிருந்தால், கார் மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றி அளவைச் சரிசெய்த பிறகே எடுக்க வேண்டும். மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு.

சின்ன பெட்ரோல் காரில் மொத்த ஆயிலே மூன்று, நான்கு லிட்டர்தான். பல கார்களில் இரண்டு குறிகளுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர் வித்தியாசம். ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 20 சொட்டு என்று வையுங்கள். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விடாமல் விழுந்தால், ஒரு நாளில் 72 மில்லி. இரண்டே வாரத்தில் ஒரு லிட்டர் காலி. இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தத்தோடு சுற்றுவதால், நிற்கும் வண்டியில் தெரிவதைவிட ஓடும் வண்டியில் கசிவு அதிகம். தரையில் விழுந்ததை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

டேஷ்போர்டில் கெண்டி மாதிரி எரியும் சிவப்பு விளக்கைப் பலரும் 'ஆயில் குறைஞ்சா எரியும்' என்று நினைக்கிறார்கள். அது ஆயிலின் அளவைச் சொல்லும் விளக்கு இல்லை, அழுத்தத்தைச் சொல்வது. ஓடும்போது அது எரிந்தால், பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். "அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்" என்ற நினைப்பே வேண்டாம். ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். அந்த சில கிலோமீட்டரில்தான் இன்ஜின் சீஸ் ஆகிறது. நீங்கள் இருப்பது தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

பானெட் ஓரமாகப் புகையோ, எரிந்த எண்ணெய் வாசனையோ வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. மேலிருந்து கசியும் ஆயில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுகிறது. ஆயில் தீப்பிடிக்கும் அளவுக்கு அந்தப் பாகம் சூடாகக்கூடியது.

சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு

மெக்கானிக் ஏன் சம்ப்பைக் கைகாட்டினார்? அதுதான் நனைந்திருந்தது, அங்கிருந்துதான் சொட்டியது. ஆனால் சம்ப் என்பது இன்ஜினின் ஆகக் கீழே இருக்கும் பாகம். மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் அங்கேதான் வந்து சேரும். கூரை ஓட்டில் ஓர் இடத்தில் புகுந்த மழைத் தண்ணீர் உத்தரத்தோடு ஓடி வேறோர் இடத்தில் சொட்டுவது மாதிரி. போதாததற்கு, வண்டி ஓடும்போது ரேடியேட்டர் ஃபேனும் எதிர்க்காற்றும் ஆயிலைப் பின்பக்கமாகத் தள்ளும்.

அதனால் தேடவேண்டியது ஈரமான இடங்களிலேயே மேலேயும் முன்னேயும் இருப்பதை. ஆனால் வருஷக்கணக்கில் அழுக்கும் எண்ணெயும் படிந்த இன்ஜினில் எது புதுக் கசிவு, எது பழைய கறை என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் சுத்தம் செய்ய வேண்டும்.

1. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, டிகிரீஸர் தெளித்து பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். ஆல்டர்னேட்டர், வயர் இணைப்புகளை பிளாஸ்டிக் கவரால் மூடிவிடுங்கள். அழுத்தத்தோடு தண்ணீர் அடிக்க வேண்டாம். கடையில் மண்ணெண்ணெயோ டீசலோ போட்டுத் துடைத்தால், முழுசாக உலர்ந்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

2. உலர்ந்த இடத்தில், சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள். பெல்ட் பக்கம் வேண்டாம்.

3. பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் கறுப்பாகும் கோடு எங்கே தொடங்குகிறதோ, அதுதான் கசியும் இடம். சூடான பாகங்களைத் தொடாதீர்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

இதிலும் பிடிபடவில்லை என்றால், ஆயிலில் கலக்கும் யூவி சாயம் சின்ன பாட்டிலில் கிடைக்கிறது. கலந்து ஓட்டிவிட்டு, இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கசியும் பாதை பச்சை மஞ்சளாக மின்னும்.

மேலிருந்து கீழே: யார் மேல் சந்தேகப்படலாம்?

*ஆயில் ஊற்றும் மூடி:* அதன் ரப்பர் வளையம் இறுகியிருந்தால் சுற்றிலும் ஈரமாக இருக்கும். மூடியை மாற்றினால் போதும்.

*டேப்பட் கவர் பேக்கிங்:* பழைய கார்களில் அடிக்கடி மாட்டும் குற்றவாளி. இன்ஜினின் மேல்மூடி ஓரமெல்லாம் ஈரம், எரிந்த வாசனை. சில கார்களில் ஸ்பார்க் பிளக் குழிக்குள்ளும் ஆயில் தேங்கி, இன்ஜின் உதறும்.

*ஆயில் பிரஷர் சுவிட்ச்:* விரல் அளவு சென்சார். இதன் வழியாகக் கசிந்தால் பக்கத்து வயரும் நனைந்திருக்கும். மாற்றுவது சுலபம்.

*ஆயில் ஃபில்டர்:* சர்வீஸ் முடிந்த மறுநாளே கசிவு தொடங்கினால் முதலில் இங்கே பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டியிருக்கலாம்.

*டிரெயின் போல்ட்:* வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டிருந்தாலோ, அளவுக்கு மீறி முறுக்கி மரை தேய்ந்திருந்தாலோ கசியும்.

*சம்ப்:* ஸ்பீடு பிரேக்கரில் அடிவாங்கிய சம்ப் நெளிந்தோ விரிசல் விட்டோ இருக்கலாம். மேலே எல்லாம் காய்ந்திருந்து, சம்ப் மட்டும் ஈரமாக இருந்தால்தான் மெக்கானிக் சொன்னது சரி.

*முன்பக்க கிராங்க் சீல், கேம் சீல்:* பெல்ட் இருக்கும் பக்கம். உங்கள் காரில் இருப்பது டைமிங் செயின் இல்லை, ரப்பர் டைமிங் பெல்ட் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆயிலில் ஊறிய பெல்ட் உப்பி, பல் பிரிந்து, ஓடும்போதே அறுந்துவிடும். பல இன்ஜின்களில் அதோடு வால்வும் வளைந்துவிடும்.

*பின்பக்க கிராங்க் சீல்:* இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். சீல் மலிவானது. ஆனால் அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். செலவு அங்கேதான். அதனால்தான் இதைக் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டும். டேப்பட் கவரின் பின்மூலையில் கசியும் ஆயில் வழிந்து வந்து இதே இடத்தில் சொட்டுவதும் உண்டு. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்த பிறகு அது தெரிந்தால் பயனில்லை.

சீல் மாற்றியும் மறுபடி கசிகிறதா?

பலர் தவறவிடும் இடம் இது. இன்ஜின் ஓடும்போது பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அதை வெளியே இழுத்து மறுபடி எரிக்க ஒரு வழி இருக்கிறது: பிசிவி வால்வும் பிரீதர் ஹோஸும். அது அடைத்துக்கொண்டால், இன்ஜினுக்குள் அழுத்தம் கூடி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். நீங்கள் ஒரு சீலை மாற்றினால், அடுத்த சீல் கசியும்.

சோதிக்க சுலபமான வழி உண்டு. இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் மூடியைக் கவனமாகத் திறந்து, வாய்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். சில இன்ஜின்களில் சூடான ஆயில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். தாள் உள்ளே இழுபட்டாலோ லேசாகப் படபடத்தாலோ பிரச்னை இல்லை. தாளைத் தூக்கி எறிகிற மாதிரி காற்றும் புகையும் வந்தால், பிரீதரைச் சுத்தம் செய்து, பிசிவி வால்வை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது பெரிய வேலை. கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யாமல் பணம் போடாதீர்கள்.

தரையில் கறையே இல்லாமல் டிப் ஸ்டிக் அளவு மட்டும் குறைகிறது, சைலன்சரில் நீலப் புகை வருகிறது என்றால், ஆயில் கசியவில்லை, உள்ளே எரிகிறது.

வீட்டிலேயே எதைச் செய்யலாம்?

கொஞ்சம் கைப்பழக்கம் இருந்தால் மூன்று வேலைகளை நீங்களே செய்யலாம்.

ஃபில்டர்: புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, தொட்ட பிறகு முக்கால் சுற்று கையாலேயே முறுக்குங்கள். ஸ்பேனர் வேண்டாம்.

டிரெயின் போல்ட்: ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புது வாஷர்.

டேப்பட் கவர்: ஆறிய இன்ஜினில் கழற்றி, பழைய பேக்கிங்கை எடுத்து, அலுமினியத்தைக் கீறாமல் சுத்தம் செய்து புதியதைப் போடுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். இவை சின்ன போல்ட்டுகள். மேனுவல் சொல்லும் அளவுக்கு மேல் முறுக்கினால் பேக்கிங் நசுங்கி, முன்பைவிட மோசமாகக் கசியும்.

சிலிகான் பசை விஷயத்தில் கை அடக்கம் தேவை. நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்களில் எந்த கம்பெனி டியூப் என்றாலும் அதை 'அனாபாண்ட்' என்றே சொல்வார்கள். சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் பெயர் அது. தயாரிப்பாளர் சொன்ன மூலைகளில் மட்டும் மெல்லிசாகப் போட வேண்டிய பசை. வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ, உள்ளேயும் அவ்வளவு பிதுங்கும். அந்தத் துணுக்குகள் பிய்ந்து போய் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால், கசிவை அடைக்கப் போய் இன்ஜினைக் கொன்ற கதையாகிவிடும்.

ஆயில் மாற்றி ஊற்றினால் நிற்குமா?

"கெட்டி ஆயில் ஊத்துங்க சார், நின்னுடும்" என்பது அடிக்கடி கேட்கும் யோசனை. 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் சொட்டு கொஞ்சம் குறையலாம். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே இருக்கும் பாகங்களுக்கு ஆயில் போய்ச்சேர அதிக நேரம் ஆகும். தேய்மானம் கூடும்.

'ஸ்டாப் லீக்' திரவங்கள் இறுகிய ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும். அதனால் சின்னக் கசிவு சில காலம் குறையலாம். கிழிந்த சீலையோ நெளிந்த சம்ப்பையோ அது சரிசெய்யாது. வண்டியை விற்கப் போகிறவர் இதை ஊற்றியிருக்கலாம் என்பதையும், செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது ஞாபகத்தில் வையுங்கள். பளபளவென்று கழுவிய இன்ஜினைக் கண்டால், ஒரு பத்து கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு மறுபடி பானெட்டைத் திறந்து பாருங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் "ஆயில் காருதோந்தி" என்று தெலுங்கில் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். சத்தியவேட்டுக் கடைகளில் தமிழும் ஓடும். மொழி எதுவானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். "சுத்தம் பண்ணி ஓட்டிப் பார்த்தீங்களா? எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு காட்ட முடியுமா? பிரீதர் பார்த்தீங்களா?" கசியும் இடத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சீலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இறுகி, விளிம்பு தேய்ந்திருந்தால் பிடித்தது சரியான ஆளைத்தான்.

கியர்பாக்ஸை இறக்குவது உறுதி என்றால், கிளட்ச் பிளேட்டின் நிலையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். டைமிங் பெல்ட்டைக் கழற்றும்போது முன்பக்க சீலையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டு தடவை லேபர் கொடுப்பது மிச்சமாகும்.

இவ்வளவு செலவு செய்யலாமா என்ற கேள்வி வரும். காருக்கு 15 வயது நெருங்கினால் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. டேப்பட் கவர், சுவிட்ச், வாஷர் மாதிரியான கசிவு என்றால் தயங்காமல் சரிசெய்து ஓட்டலாம். பின்பக்க சீலும் போய், கம்ப்ரஷனும் குறைந்த வண்டி என்றால், புதுப்பிக்கும் செலவையும் சேர்த்து உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

கழற்றிய ஆயிலை எங்கே ஊற்றுவது?

எங்கேயும் ஊற்றக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய இன்ஜின் ஆயில் அபாயகரக் கழிவு. அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை, 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிக்கும் நிறுவனங்கள் மேலும் அரசு வைத்திருக்கிறது. பழைய கேனில் அடைத்து, ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். சாக்கடையிலோ ஓடையிலோ விட வேண்டாம்.

இந்தப் பகுதியில் இதற்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. 1983-இல் போட்ட ஒப்பந்தப்படி சென்னைக்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் கண்டலேறு - பூண்டி கால்வாய், ஊத்துக்கோட்டை அருகே 'ஜீரோ பாயின்ட்'டில்தான் தமிழகத்துக்குள் நுழைகிறது. நீங்கள் வேலைக்குப் போகும் வழியும், சென்னை வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வரும் வழியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே நாளைக் காலை பேக்கிங் வாங்கக் கிளம்பாதீர்கள். டிப் ஸ்டிக்கைப் பாருங்கள், அட்டையைப் போடுங்கள், இன்ஜினைத் துடைத்துவிட்டு ஒரு ரவுண்ட் ஓட்டி வாருங்கள். எங்கே தொடங்குகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்த பிறகு மெக்கானிக்கிடம் போங்கள். மாமாவுக்கும் வாசலைக் கழுவுகிற வேலை மிச்சம்.